கவாத்துக் கத்தரி செய்யும் குளிர்காலம்

பிரான்சின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாயகமாகக் கொண்ட செனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை, ஏறத்தாழ 47 பாகை வட அட்சரேகையில், கடுங்குளிருக்கும் கோடைக்கும் பழகி வளர்ந்த கொடியாகும். இலையுதிர்காலத்தில் இலைகளைக் கழித்துவிட்டு உறங்கும் அக்கொடி, வசந்தத்தில் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அளவைக் கடந்ததும் துளிர்த்து, கோடையில் பூத்துக் காய்த்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது.

இவ்வினம் கடல் கடந்தது பழைய செய்தி. தென்னாப்பிரிக்காவில் 'ஸ்டீன்' என்ற பெயரில் நெடுங்காலம் பயிரான வெள்ளைத் திராட்சை செனின் பிளாங்கே என்பது 1960களில்தான் உறுதியாயிற்று. இன்று பிரான்சைவிட அந்நாட்டிலேயே இது மிகுதியான பரப்பில் விளைகிறது. ஆயினும் கேப் பகுதியிலும் குளிர்காலம் உண்டு என்பதால், அங்கே கொடிக்கு மாதங்கள் மாறினவேயன்றி வாழ்க்கைமுறை மாறவில்லை. உண்மையான சோதனை 20 பாகை அட்சரேகையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள மகாராட்டிரத்தின் நாசிக்கில் நிகழ்ந்தது. 1990களின் பிற்பகுதியில் ராஜீவ் சாமந்த் தம் சூலா தோட்டத்தில் செனின் பிளாங்க்கையும் சாவிஞ்ஞோன் பிளாங்க்கையும் நட்டபோது, அம்மாவட்டம் உண்பதற்கான திராட்சைக்கே பெயர்பெற்றிருந்தது.

கொடியை உறங்கவைக்கும் குளிர் இல்லாத நாட்டில், அது ஆண்டு முழுவதும் பசுமையாகவே நின்று, நுனி மொட்டுகளை மட்டும் வளர்த்துக்கொண்டு, கீழ் மொட்டுகளை அடக்கிவைக்கும். ஆகவே குளிர்காலத்தின் வேலையைக் கவாத்து, அதாவது கிளைகளைக் காலமறிந்து வெட்டுதல், ஏற்றுக்கொள்கிறது. ஏப்ரலில் செய்யும் முதற்கவாத்தில் கிளைகள் மிகக் குட்டையாக வெட்டப்பட, கோடை வெயிலில் புதுக் கிளைகள் எழுந்து, அவற்றின் மொட்டுகளுக்குள் அடுத்த பூங்கொத்தின் கரு உருவாகிறது. பருவமழைக் காலத்தில் கொடியில் காய் இல்லாதிருப்பதே நன்மை. ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோயிலிருந்து இலைகளைக் காத்தால் போதும். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் சில மொட்டுகளை விட்டுச் செய்யும் இரண்டாம் கவாத்தே காய்ப்புக்குரியது. வெட்டிய உடனே ஹைட்ரஜன் சயனமைடு என்னும் வேதிப்பொருள் பூசப்படுவதால், மொட்டுகள் முன்பின்னாக அன்றி ஒருசேர விழிக்கின்றன. கவாத்து இரண்டு, அறுவடை ஒன்று என்பது இம்முறையின் கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை உழவர்களோ ஒவ்வொரு கவாத்துக்கும் ஓர் அறுவடை காண்பவர்கள். அவர்களுக்கு இது சற்றுச் சிக்கனமான ஏற்பாடாகவே தோன்றும்.

இவ்வளவு பாடும் புளிப்பை முன்னிட்டே. வெள்ளை ஒயினின் உயிர்ப்பு திராட்சையின் இரு அமிலங்களில் இருக்கிறது: ஒன்று நம் சமையற்புளியிலும் உள்ள டார்டாரிக் அமிலம், மற்றொன்று ஆப்பிளில் மிகுந்த மாலிக் அமிலம். பழம் கனியும்போது கொடி மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துவிடுவதாலும், வெப்பம் ஏற ஏற அவ்வெரிப்பு விரைவதாலும், வெயில் நாட்டுப் பழத்தில் இனிப்பு மிஞ்சிப் புளிப்பு வற்றிவிடுகிறது. கனியும் காலத்தை டிசம்பர், ஜனவரியின் குளிர்ந்த இரவுகளுக்குத் தள்ளிவைப்பதால் இவ்விழப்பு குறைகிறது. இயல்பிலேயே புளிப்பு மிகுந்த செனின் பிளாங்க், இழந்தது போக மீதமும் வைத்திருக்கிறது. நாசிக்கில் அது நிலைத்ததற்கு இக்குணமே முதற்காரணம் எனலாம்.

வேரும் இரவல்தான். தக்காண மண்ணின் உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்காக, டெக்சாஸைச் சேர்ந்த காட்டுத் திராட்சையிலிருந்து வந்த டாக்ரிட்ஜ் போன்ற அடிச்செடிகளின்மேல் ஐரோப்பியக் கொடி ஒட்டுக்கட்டப்படுகிறது.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறுவடையில், வெயில் ஏறுமுன் குலைகளைக் கொய்து, குளிரூட்டி, தோலின் துவர்ப்பு இறங்குமுன் சாற்றைப் பிழிந்து பிரித்துவிடுகிறார்கள். அதே வாரங்களில் லுவார் கரையின் கொடிகள் இலையின்றி, அந்த ஆண்டின் முதல் துளிருக்காகக் காத்து நிற்கின்றன.