அந்த உடல் ஏன் இன்னும் சிலுவையில்?

இயேசு உயிர்த்துவிட்டார் என்று நம்புகிறீர்கள். பிறகு ஏன் அவரை இன்னும் சிலுவையிலேயே வைத்திருக்கிறீர்கள்? வெறுஞ்சிலுவையை வைத்து வழிபடும் சபையினர் கத்தோலிக்கரிடம் கேட்கிற கேள்வி இது. நியாயமானதுதான். வெறுஞ்சிலுவை உயிர்ப்பை அறிவிக்கிறது. அதில் கத்தோலிக்கருக்கு மறுப்பே இல்லை. ஆனாலும் திருப்பலி பீடத்தின் மீதோ அருகிலோ அறையுண்ட இயேசுவின் உருவம் தாங்கிய சிலுவை, அதாவது பாடுபட்ட சுரூபம், இருக்க வேண்டும் என்பது கத்தோலிக்க வழிபாட்டு விதி. கல்வாரியின் அதே பலிதான் பீடத்தில் நிகழ்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

இறையியல் நூல்களைவிட இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஓர் ஓவியம். இன்றைய பிரான்சின் கோல்மார் நகருக்கு அருகே ஈசன்ஹைமில், வனத்து அந்தோணியார் பெயரிலான துறவிகள் மருத்துவமனை நடத்தினார்கள். ரை தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையால் வரும் நோய்க்கு அங்கே சிகிச்சை. உடல் நெருப்பாய் எரியும். கைகால் கறுத்து அழுகும். பலருக்கு வெட்டியே எடுக்க வேண்டியிருந்தது. அந்த மடத்துப் பீடத்துக்கு 1512 முதல் 1516 வரை மத்தியாஸ் குரூனெவால்ட் ஓவியம் தீட்டினார்.

அவர் வரைந்த இயேசுவின் தோல் முழுக்கப் புண். உடல் பச்சை பாரித்திருக்கிறது. ஆணி பாய்ந்த கைகளில் விரல்கள் விறைத்து விரிந்து நிற்கின்றன. சிலுவையடியில் ஓர் ஆட்டுக்குட்டி. அதன் மார்பிலிருந்து வழியும் இரத்தம் திருப்பலிக் கிண்ணத்தில் விழுகிறது. படுக்கையில் கிடந்து அழுகிக்கொண்டிருந்தவன், தன் புண்ணையே கடவுளின் உடம்பில் பார்த்தான். வெறும் மரத்தால் அவனிடம் இதைச் சொல்லியிருக்க முடியுமா?

அந்த ஓவியம் தீட்டிய பலகைகள் கதவுகள்போல் திறப்பவை. திறந்தால் உள்ளே உயிர்ப்பு. ஒளிவெள்ளத்தில் எழும்பும் இயேசுவின் மேனியில் அந்தப் புண்கள் ஒன்றும் இல்லை. ஆனால் ஆணித்தழும்புகள் உள்ளங்கையில் அப்படியே இருக்கின்றன. உயிர்த்தவரும் அறையுண்டவரும் ஒருவரே என்பதால், சுரூபம் உயிர்ப்பை மறைக்கிறது என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் அந்தக் கதவுகள் திறந்தது திருவிழா நாட்களில்தான். மற்ற நாட்களில் நோயாளிகளுக்கு எதிரே இருந்தது பாடுபட்டவரின் உருவம். இன்றும் கத்தோலிக்கர் நோயாளியின் கட்டிலுக்கு எதிரே அதைத்தான் மாட்டுகிறார்கள். சாகக் கிடப்பவர் கையில் அதைத்தான் கொடுக்கிறார்கள்.