டமார்னு கேட்க வேண்டிய இடத்துல டப்புனு கேட்டா? வீட்டுல தோட்டா செய்யறவங்க கதை

போன எபிசோட் கடைசியில, "அடுத்த வாரம் ஒரு அரிசோனா காரேஜுக்குப் போறோம்"னு சொல்லியிருந்தேன். போயிட்டு வந்துட்டேன்.

ஃபீனிக்ஸ் நகரத்துக்கு வெளியே என் அத்தை பையன் வீடு. திருநெல்வேலிக்காரர், இருபது வருஷமா அங்கே, இப்போ அமெரிக்கக் குடிமகன். என்னைவிட மூத்தவர், அதனால எனக்கு அத்தான். காரேஜில் கார் இல்லை. காருக்குப் பதில் ஒரு கனமான மர மேஜை, அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய நீல நிற இயந்திரம். பக்கத்தில் வாளி நிறைய பித்தளை. நான் சும்மா வாளிக்குள் கையை விடப் போனேன்.

"மாப்ள, தொடாத."

"காலி கேஸ்தானே அத்தான்?"

"காலி கேஸ்கூட இங்க சட்டப்படி தோட்டாதான். நீ விசிட்டர் விசா. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு."

உண்மைதான். அமெரிக்க மத்திய சட்டத்தில் "அம்யூனிஷன்" என்றால் முழு தோட்டா மட்டும் இல்லை. காலி கேஸ், ப்ரைமர், மருந்து, குண்டு எல்லாமே அதில் சேரும். என்னை மாதிரி சுற்றுலா விசாவில் போகிறவர்கள், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதனால இந்த எபிசோட் முழுக்க நான் வேடிக்கை பார்த்தவன் மட்டும்தான். ஒரு குண்டுகூட சுடவில்லை.

சரி, முதல்ல அடிப்படை. நாம சினிமாவில் "புல்லட்"னு சொல்றது உண்மையில் நாலு பொருள். பித்தளைக் கூடு, அதாவது கேஸ். அதன் அடியில் குட்டிக் கிண்ணம் மாதிரி ப்ரைமர். உள்ளே மருந்து. மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் குண்டு. ஊசி ப்ரைமரை அடிக்கும், அதன் பொறி மருந்தைப் பற்றவைக்கும், வாயு குண்டைத் தள்ளும். பித்தளைக் கூடு மட்டும் வெளியே வந்து விழும். தோட்டாவில் விலை கூடின பாகங்களில் ஒன்று அதுதான், அதைத்தான் திரும்பத் திரும்ப பயன்படுத்தலாம். ரீலோடிங் என்றால் இவ்வளவுதான். கூட்டைச் சுத்தம் செய்து, பழைய ப்ரைமரைத் தட்டி எடுத்து, பழைய அளவுக்கு இறுக்கி, புது ப்ரைமர், புது மருந்து, புது குண்டு.

இங்கே ஒரு குட்டி வேடிக்கை. இப்படித் திரும்பப் பயன்படுத்த சுலபமான ப்ரைமர் வகைக்கு பாக்ஸர் என்று பெயர், கண்டுபிடித்தவர் ஆங்கிலேயர். இன்னொரு வகை பெர்டான், அவர் அமெரிக்கர். அமெரிக்கா முழுக்க ஓடுவது ஆங்கிலேயரின் பாக்ஸர். அமெரிக்கரின் பெர்டான் பெரும்பாலும் ஐரோப்பா பக்கத்து ராணுவத் தோட்டாக்களில்.

கடையில் ரெடிமேடா கிடைக்கும்போது ஏன் இந்த வேலை? "காசு மிச்சம்"னுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அத்தான் சிரிக்கிறார். மிச்சமான காசுக்கும் சேர்த்து இன்னும் அதிகமா சுடுவோம், மிச்சம் ஒன்றும் இல்லை என்கிறார். 2020-க்குப் பிறகு ப்ரைமர் தட்டுப்பாடு வந்தபோது விலை பல மடங்கு ஏறி, மருந்தும் குண்டும் அலமாரியில் இருந்தும் மாதக்கணக்கில் இயந்திரம் சும்மா கிடந்திருக்கிறது.

உண்மையான காரணம் ஒரு எண். அதைப் புரிந்துகொண்டால் இவர்கள் என்ன துப்பாக்கி வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்பதும் புரியும்.

இவர்கள் ஆடுவது ஒலிம்பிக்கில் நாம பார்க்கிற, ஒரே இடத்தில் நின்று ஒரு கையால் சுடும் போட்டி இல்லை. ஓடணும், தடுப்புக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து சுடணும், அட்டை இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் அடிக்கணும். பிராக்டிகல் ஷூட்டிங் என்று பெயர். 1976-ல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள், முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். அதன் அமெரிக்கப் பிரிவு யுஎஸ்பிஎஸ்ஏ, 1984. எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுப்பார்கள். 100 புள்ளியை 20 விநாடியில் எடுத்தால் 5. இன்னொருத்தர் கொஞ்சம் தப்பா சுட்டு 90 தான் எடுத்தார், ஆனா 15 விநாடியில் முடித்தார், அவருக்கு 6. ஜெயித்தது அவர். வேகம் எவ்வளவு முக்கியம்னு பாருங்க.

அப்படின்னா உதையே இல்லாத பொம்மைத் தோட்டாவை வைத்து வேகமா சுட்டுவிடலாமே? அதைத் தடுக்கத்தான் பவர் ஃபேக்டர். குண்டின் எடையை கிரெயினில் எடுத்து, வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுக்கணும். கிரெயின் ரொம்பச் சின்ன அளவு, ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். யுஎஸ்பிஎஸ்ஏ கணக்கில் 125 வந்தால் மைனர், 165 வந்தால் மேஜர். இலக்கின் நடுப்பகுதிக்கு இருவருக்கும் 5 புள்ளி. கொஞ்சம் தள்ளிப் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. பெரிய போட்டிகளில் உங்கள் பையிலிருந்து சில தோட்டாக்களை எடுத்து வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள். 125-க்குக் கீழே போனால் சுடலாம், ஆனா கணக்கில் வராது. ஊரிலிருந்து பத்து மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இப்போ இந்த இரண்டு கணக்கைப் பாருங்க. 115 கிரெயின் குண்டு, 1150 அடி வேகம்: 132. 147 கிரெயின் குண்டு, 900 அடி வேகம்: அதுவும் 132. விதிப்படி இரண்டும் ஒன்று. ஆனால் கையில் ஒன்று இல்லை. கனமான குண்டை மெதுவாகத் தள்ள மருந்து குறைவாகப் போதும். குழல் வாயிலிருந்து சீறி வரும் வாயு குறைவு, அதனால் உதை மிருதுவாக, மெல்லத் தள்ளுவது மாதிரி வரும். ஆகவே மைனர் பிரிவில் நிறையப் பேர் 147 பக்கம். ஓபன் என்ற பிரிவில் கதை தலைகீழ். அங்கே குழல் நுனியில் காம்பன்சேட்டர் இருக்கும், அது வாயுவை மேல்பக்கம் திருப்பிவிட்டு துப்பாக்கியை அழுத்திப் பிடிக்கும். அதற்கு வாயு நிறைய வேணும், அதனால லேசான குண்டு, கூடுதல் மருந்து. கடைத் தோட்டா இந்த இருவரில் யாருக்காகவும் செய்யப்பட்டது இல்லை. அதனாலதான் காரேஜ்.

துப்பாக்கி ரசனையும் இதே கணக்குதான். அத்தான் ஆடுவது கேரி ஆப்டிக்ஸ், சிவப்புப் புள்ளி கண்ணாடி வைத்த கைத்துப்பாக்கிப் பிரிவு. எல்லாருக்கும் மைனர் கணக்குதான், அதனால 9 எம்எம் போதும். அவரிடம் இருப்பது செக் நாட்டு சிஇசட் ஷேடோ 2. முழு இரும்பு, சுமார் 1.3 கிலோ. பிளாஸ்டிக் உடம்பு கொண்ட க்ளாக் 34 அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கனம் உதையை விழுங்கும், புள்ளி சீக்கிரம் இலக்குக்குத் திரும்பும். பதிலுக்கு ஷேடோவின் முதல் ட்ரிக்கர் இழுப்பு நீளமா, கனமா இருக்கும், இரண்டாவதிலிருந்து லேசு. க்ளாக்கில் எல்லா இழுப்பும் ஒரே மாதிரி. "இட்லிக் குண்டான் மாதிரி எதுக்கு இரும்பைத் தூக்கிட்டு ஓடறே"னு க்ளாக்காரர்கள் கேட்பார்களாம். என் அபிப்பிராயம்? அந்த ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் வந்த இருவரில் ஒருத்தர் கையில் இரும்பு, இன்னொருத்தர் கையில் பிளாஸ்டிக். துப்பாக்கியை மாற்றுவதைவிட கூடுதலா ஆயிரம் ரவுண்டு பயிற்சி உதவும்னு தோணுது. அத்தானிடம் இதைச் சொல்லவில்லை.

இனி இயந்திரம். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் என்பது பழைய முறுக்குப் பிழியும் நாழி மாதிரி, ஒரு தடவைக்கு ஒரு வேலை. மணிக்கு 50, 60 தோட்டா வந்தாலே பெரிசு. கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஆர்சிபிஎஸ் அந்த வகையில் பேர்போனது, பச்சை நிறம். போட்டிக்காரர்களுக்கு அது பத்தாது, புரோகிரசிவ் வேணும். வட்டத் தட்டில் நாலைந்து கேஸ் நிற்கும், கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேலை நடக்கும், ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் இருக்கும் டில்லன் நிறுவனத்தின் நீல இயந்திரங்கள்தான் இந்த உலகத்தில் அதிகம் பேசப்படுவது. அத்தானிடம் இருப்பது டில்லன் 550. மணிக்கு 400, 500 அடிக்கலாம். நாலு இடம், தட்டை நாமதான் கையால் சுற்றணும். 750-ல் ஐந்து இடம், தட்டு தானே சுற்றும்.

"கையால சுத்தறதுதான் பாதுகாப்பு, நான் சொன்னாத்தான் நகரும்"னு ஒரு கட்சி. "மனுஷன் மறப்பான், இயந்திரம் மறக்காது"னு இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி உண்மை. சுற்ற மறந்து இரண்டு தடவை இழுத்தால் ஒரே கேஸில் இரட்டை மருந்து. இழுக்க மறந்து இரண்டு தடவை சுற்றினால் மருந்தே இல்லை. ஒரு 9 எம்எம் தோட்டாவில் மருந்து சுமார் கால் கிராம்தான். சில மருந்துகள் இரட்டிப்பாகப் போட்டாலும் கேஸுக்குள் அடங்கிவிடும், வெளியே தெரியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பொசபொசன்னு இடம் அடைக்கிற மருந்தாகத் தேர்ந்தெடுப்பார்கள், இரட்டித்தால் வழிந்துவிடும்.

அத்தானுக்கு நடந்தது இரண்டாவது வகை. சில வருஷத்துக்கு முன்னால். ராத்திரி எட்டு மணி, ஒரு ப்ரைமர் மாட்டிக்கொண்டது. சரி பண்ண இரண்டு கேஸைத் தட்டிலிருந்து வெளியே எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து போன். ஊரில் காலை எட்டரை, அத்தை பூஜை முடித்துவிட்டு மகனைக் கூப்பிடும் நேரம். கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்து இரண்டு கேஸையும் தட்டில் வைத்தார். இடம் மாறி வைத்தார். மருந்து வாங்காத கேஸ் நேரா குண்டு உட்காரும் இடத்துக்குப் போனது. வெளியே வந்த தோட்டா பார்க்க மற்றதைப் போலவே பளபளன்னு இருந்தது.

அடுத்த வாரம் போட்டி. எட்டாவதோ ஒன்பதாவதோ சுடும்போது டமார் வரவில்லை. டப். நமுத்துப்போன லட்சுமி வெடி கேட்டிருக்கீங்களா, அந்தச் சத்தம். ஸ்க்விப் என்பார்கள். மருந்து இல்லாமல் ப்ரைமர் மட்டும் வெடித்தால், குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளும் அளவுக்குத்தான் பலம் இருக்கும். குண்டு நடுக்குழலில் செருகி நிற்கும். துப்பாக்கி பெரும்பாலும் அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றாது.

ஆபத்து அதற்கு அப்புறம்தான். துப்பாக்கி நின்றால் ஆயிரம் தடவை பழகின கை என்ன செய்யும்? அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு இழு, திரும்பச் சுடு. யோசிக்காமல், ஒரு விநாடிக்குள். அந்த அனிச்சைக்காகத்தான் வருஷக்கணக்கில் பயிற்சி. அத்தான் தட்டினார். இழுத்தார். நல்ல தோட்டா ஒன்று உள்ளே ஏறிவிட்டது. அடைத்த குழலில் அதைச் சுட்டிருந்தால் குழல் புடைக்கும், இல்லை பிளக்கும், பிடித்திருக்கும் இரண்டு கையும் அதற்குப் பக்கத்தில்.

பின்னால் நின்ற ரேஞ்ச் ஆஃபீசர் "ஸ்டாப்!" என்று கத்தினார். சத்தத்தின் வித்தியாசம் அவர் காதில் விழுந்திருக்கிறது. போட்டி ஓட்டத்தில் இருந்த அத்தான் காதில் விழவில்லை.

துப்பாக்கியைக் காலி செய்து, பித்தளைக் கம்பியால் தட்டி குண்டை வெளியே எடுத்தார்கள். குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் அதே ராத்திரி செய்த தோட்டா இன்னும் 640 இருந்தது. எடை போட்டுப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். தெரியாது. கலவையான கேஸ்கள், ஒவ்வொன்றும் சில கிரெயின் கூடக் குறைய இருக்கும், மருந்தே நாலைந்து கிரெயின்தான். அதனால் சுத்தியல் மாதிரி ஒரு கருவி உண்டு, தோட்டாவை உள்ளே மாட்டி ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று வரும். இரண்டு வாரம், தினமும் சாயங்காலம், ஒவ்வொன்றாக. 640-லும் மருந்து சரியாகவே இருந்தது. அது தெரியத்தான் அந்த இரண்டு வாரம்.

ஒரு விஷயம், ரொம்பப் பேர் கேட்பீங்க. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய லைசென்ஸ் தேவையில்லை, விற்பதற்கு செய்தால் வேணும். இந்தியாவில் அப்படி இல்லை. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம், 9 எம்எம் கைத்துப்பாக்கி சாதாரண உரிமத்தில் வராத தடைசெய்த ரகம். கேட்டதோடு நிறுத்திக்குங்க. ஈயம் பற்றியும் சொல்லணும். ப்ரைமர் புகையிலும், பித்தளையைச் சுத்தம் செய்யும் தூசியிலும் ஈயம் உண்டு. அத்தான் காரேஜுக்குள் டீ டம்ளரைக்கூட விடமாட்டார், வெளியே வந்ததும் முழங்கை வரை சோப்பு.

இப்போ மேஜைக்கு மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கு தொங்குகிறது. குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் மருந்து தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். எதற்காகவாவது கை நின்றால், தட்டில் இருக்கும் நாலு கேஸையும் எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மணிக்கு 500 போய் இப்போ 250 தான் வருதாம். போன் சமையலறையில், அக்காவிடம். அத்தைக்கும் சொல்லியாச்சு, ஒன்பதுக்கு மேலே கூப்பிடணும்.

நான் ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். தலையைத் தூக்காமலே இடது கையைக் காட்டினார். அப்புறம் ஒரு மணி நேரம் அந்தக் காரேஜில் கைப்பிடி இறங்கி ஏறும் சத்தம் மட்டும்தான். கடைசித் தோட்டா டப்பாவில் விழுந்த பிறகு, கையைக் கழுவிவிட்டு வந்து, "இப்போ கேளு மாப்ள"ன்னார்.