மாறுவேஷ வாடிக்கைக்காரர்

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துக் கடைவீதிகளில் ஜவுளி, நகை, மருந்து, பலகாரம் எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் வாங்க வருபவருக்கு இன்று வேறொரு கடையும் உண்டு. அது அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது. கைப்பேசியைத் தொட்டால் சரக்கு வீடு தேடி வந்து சேருகிறது. இந்தப் போட்டியில் நம் வர்த்தகர்களுக்கு எஞ்சியிருக்கும் பெரிய மூலதனம், வந்தவரை உபசரிக்கும் பண்பேயாகும். மரியாதைக்குப் பெயர்போன கொங்கு நாட்டில் இது அரிய காரியமன்று. எனினும், முதலாளி கல்லாவில் இருக்கையில் நடப்பது ஒன்று, அவர் இல்லாத வேளையில் நடப்பது மற்றொன்று என்பதை யாவரும் அறிவர்.

இந்த வேற்றுமையைக் கண்டறிய, 1940-களில் அமெரிக்காவில் மர்ம வாடிக்கைக்காரர் என்ற பெயரில் ஒரு முறை பரவிற்று. கூலி பெற்ற ஒருவர் சாதாரண ஜனங்களைப் போலக் கடைக்குள் நுழைவார். எவ்வளவு நேரம் காத்திருந்தார், விலை நேராகச் சொல்லப்பட்டதா, ரசீது கிடைத்ததா, பொருளை மாற்றக் கேட்டபோது பேச்சு எப்படியிருந்தது என்பவற்றைக் குறித்து முதலாளிக்கு அனுப்புவார். இந்த யோசனை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. வர்த்தகர்களைக் கண்காணிப்பதற்கென்றே கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ஓர் அத்தியாயம் உண்டு.

நம் தேசத்திலேயே இம்முறை வெளிப்படுத்திய உண்மை ஒன்று கவனிக்கத்தக்கது. ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜண்டுகளிடம் வாடிக்கைக்காரர் வேஷத்தில் ஆட்களை அனுப்பி அனகோல், கோல், சர்க்கார் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆராய்ச்சி 2017-ல் வெளியாயிற்று. வந்தவருக்குப் பொருந்தாததும், தமக்குக் கமிஷன் மிகுதியாகத் தருவதுமான பாலிஸிகளையே ஏஜண்டுகள் பெரும்பாலும் சிபார்சு செய்தார்கள். ஒருவகைப் பாலிஸிக்குக் கமிஷனை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2010-ல் விதி வந்ததும், கமிஷன் வெளியே தெரியாத வேறு பாலிஸிகளை நாடினார்கள். இவர்களுக்குப் பணிவைப் போதித்து என்ன பிரயோஜனம்? கோளாறு ஏற்பாட்டில் இருந்தது.

இங்கேதான் நமது முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். காலைமுதல் நின்றுகொண்டே சேலைகளை விரித்துக் காட்டிய பெண், இரவு எட்டு மணிக்கு வரும் மர்ம வாடிக்கைக்காரரிடம் சிரித்துப் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் அவளுக்கு மதிப்பெண் குறையும். குற்றம் யாருடையது? சிப்பந்திகள் யாவருக்கும் இருக்கை வசதி அளிக்கவேண்டுமென்று 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டசபை 2021-ல் திருத்தியது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது. ஆகவே கடையைப் பரீக்ஷிப்பவரின் கேள்வித்தாளில், “சிப்பந்திக்கு இருக்கை இருந்ததா? அதில் உட்கார அனுமதி இருந்ததா?” என்பவையும் இடம்பெறுதல் வேண்டும். அப்பொழுதுதான் பரீக்ஷை முதலாளிக்கும் உரியதாகும்.

இது ஒற்று வேலையல்லவா என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். ஆக்ஷேபம் நியாயமானதே. வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்க எந்த வாடிக்கைக்காரருக்கும் 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவிக்க வேண்டுமென்றும் அது விதிக்கிறது. கடை முதலாளிக்குச் சட்டம் அளித்துள்ள இந்த மரியாதையைத் தம் சிப்பந்திக்கு அவர் மறுக்கலாகாது. இன்ன நாள் என்று சொல்லாவிடினும், இத்தகையோர் வருவார்கள் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். ஒருவரது அறிக்கையை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் காட்டும் நெறியும் இதுவே. அறிக்கையைக் காட்டிச் சம்பளத்தைப் பிடிப்பதும் தகாது. நல்ல அறிக்கை வந்தால் சிப்பந்திகளுக்கு வெகுமதி அளிப்பது உசிதம்.

சிறிய கடைக்காரர் இதற்கென்று கம்பெனியை அமர்த்த வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ வரும் நம்பிக்கையான உறவினர் இருவர் வெவ்வேறு நாட்களில் சென்று வாங்கினால் போதும். வரும் தீபாவளிக்கு முன்னர் ஆர்.எஸ்.புரத்து வர்த்தகர்கள் இதைச் செய்து பார்ப்பார்களாக. ஆனால் அதற்கு முன், தம் கடையில் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பார்களாக.