‘ஹார்ட் ஸ்லாக்’ என்றால் சிக்ஸர் மழையா?

‘ஸ்லாக் ஓவர்ஸ்’ நமக்குப் பழகிய வார்த்தை. ஒருநாள் போட்டியின் கடைசிப் பத்து ஓவர்; விக்கெட் போனால் போகட்டும் என்று மட்டையைச் சுழற்றும் நேரம். அப்படியானால் ‘இட் வாஸ் எ லாங், ஹார்ட் ஸ்லாக்’ என்று ஒருவர் சொன்னால் அடித்து நொறுக்கினார் என்று அர்த்தமா?

இல்லை. தான் பட்ட பாட்டைச் சொல்கிறார். சேற்றில் கால் புதையப் புதைய மைல் கணக்கில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வேலை நகரும், ஆனால் லேசில் முடியாது. ‘மாங்கு மாங்குனு வேலை பார்த்தேன்’ என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.

இந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவே அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஒருவரே மாட்டிக்கொண்டார். 2003 அக்டோபரில் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் தன் உயரதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் கூட்டணிப் படை ஏதோ ஒரு வகையில் வெல்லலாம், ஆனால் அது ‘லாங், ஹார்ட் ஸ்லாக்’ ஆக இருக்கும் என்று அதில் எழுதியிருந்தார். குறிப்பு ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழில் வெளிவந்துவிட்டது. வெளியே அவ்வளவு நம்பிக்கையாகப் பேசியவர், உள்ளுக்குள் இப்படியா நினைக்கிறார்?

நிருபர்கள் விடவில்லை. அகராதியில் ‘ஓங்கி அடிப்பது’ என்றும் ஒரு பொருள் இருக்கிறது, எதிரியை அப்படி அடிப்பதைத்தான் சொன்னேன் என்கிற தொனியில் சமாளித்தார்! அகராதிப்படி தப்பில்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பொருளில்தான் சொல் முதலில் புழங்கியது. சிரமப்பட்டு நடப்பதும் உழைப்பதும் பிறகு சேர்ந்தவை. ஆனால், முன்னால் ‘லாங்’ வந்துவிட்டால் ஆங்கிலம் தெரிந்த யாருக்கும் அடி ஞாபகத்துக்கு வராது. அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற 2021 ஆனது.

சரி, நாம் எப்படிப் பயன்படுத்துவது? குவிந்து கிடக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தால் ‘ஸ்லாக்ட் த்ரூ’. இரண்டு பேர் விடாமல் மல்லுக்கட்டினால் ‘ஸ்லாக் இட் அவுட்’. அரை மணி நேர வேலைக்கெல்லாம் இந்தச் சொல்லைப் போடாதீர்கள், சிரிப்பார்கள்.

உச்சரிப்பிலும் உஷார். ‘டாக்’ என்று நாயைச் சொல்கிற மாதிரி ‘ஸ்லாக்’. வாய் தவறி ‘ஸ்லேக்’ என்றால் அது வேறு சொல். ‘ரெண்டு வருஷமா ஸ்லேக் பண்ணேன்’ என்று இன்டர்வியூவில் சொன்னால், ரெண்டு வருஷமா ஓபி அடிச்சேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.