தோட்டக்கலைப் பட்டமும் கிரெடிட் கணக்கும்

மேல்நிலைத் தேர்வு நெருங்கும்போது நம் மாணவியரிடையே எழும் கேள்வி பெரும்பாலும், "டாக்டருக்கா, நர்ஸுக்கா, டீச்சருக்கா?" என்பதே. தோட்டக்கலைக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதைச் சிலர் அறியார். அறிந்தவர்களோ, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற நான்கு வருடம் படிக்க வேண்டுமா என்று நகைக்கிறார்கள்.

நாம் வாழும் பாலாற்றங்கரையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீர் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று அளித்த தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் முதற்கட்ட ஆய்வின்படி, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று. நம்மில் பலருடைய வீட்டில் அடுப்பு எரிவதும் அதே தோல் தொழிலால்தான். ஆகவே அந்தத் தொழிலைப் பழித்துப் பயனில்லை. உப்பேறிய மண்ணில் எது வளரும், எதை எப்படி வளர்க்கலாம் என்று அறிந்தவர்கள் இங்கே தேவைப்படுகிறார்கள். தோட்டக்கலைப் பட்டப்படிப்பில் மண், நீர், செடி மூன்றையும் சோதித்தறியும் பாடம் உண்டு. இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் நம் மண்ணின் பெருமையே.

இனிப் படிப்புக்கு வருவோம். இதன் பெயர் பி.எஸ்ஸி. (ஆனர்ஸ்) தோட்டக்கலை. நான்கு ஆண்டுகள், எட்டு செமஸ்டர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவையிலும் பெரியகுளத்திலும் கல்லூரிகள் உள்ளன. திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கென்றே ஒரு தோட்டக்கலைக் கல்லூரி உண்டு. மகளைத் தொலைவில் அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதை மனத்தில் வைக்கலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உள்ளது.

பள்ளியில் நாம் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பழகியவர்கள். அங்கே கணக்கு வேறு. ஒவ்வொரு பாடத்திற்கும் இத்தனை கிரெடிட் என்று எடை போட்டிருக்கும். பாடத்தின் எதிரே 2+1 என்று அச்சிட்டிருந்தால், வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பறைப் பாடம், ஒரு செய்முறை வகுப்பு, ஆக மூன்று கிரெடிட் என்று பொருள். அந்த ஒரு செய்முறை வகுப்பு இரண்டு மணிக்குக் குறையாமல் நடக்கும். ஒட்டுக் கட்டுவதையும் பதியன் போடுவதையும் கரும்பலகையில் கற்க முடியாதல்லவா? தேர்ச்சி பெற்றால் அந்தக் கிரெடிட்டுகள் நம் கணக்கில் சேரும். விதித்த பாடங்கள் எல்லாம் நிறைந்தால்தான் பட்டம். ஒரு பாடத்தில் நூறு வாங்கி இன்னொன்றின் குறையை நிரப்ப இயலாது. கடைசி ஆண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பணியாற்றும் பயிற்சியும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரு மாணவி வேறு கல்லூரியில் தாவரவியல் ஓராண்டு படித்துவிட்டுத் தோட்டக்கலைக்கு மாற விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓராண்டு அப்படியே கழியுமா? கழியாது. சேர்க்கும் பல்கலைக்கழகம் பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்க்கும். உள்ளடக்கமும் செய்முறை நேரமும் ஒத்திருந்தால்தான் ஏற்கும். பட்டயப் படிப்பு முடித்தவர்களும் இரண்டு ஆண்டுக்கு இரண்டு ஆண்டு கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கிரெடிட் வங்கி ஒன்றை ஏற்படுத்தியது. மாணவியின் கிரெடிட்டுகள் அவள் பெயரில் கணினிக் கணக்கில் சேமிக்கப்படும். பொதுவாக ஏழு ஆண்டு வரை செல்லும். பட்டம் தரும் நிறுவனத்திலேயே பாதிக் கிரெடிட்டுகளாவது படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வங்கியில் இருப்பதாலேயே எந்தக் கல்லூரியும் அதை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. டி.சி. கையில் இருந்தால் இன்னொரு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாகுமா? அதைப் போலத்தான். ஆகவே ஒரு கல்லூரியை விட்டு வரும் முன்பே, சேரப் போகும் இடத்திலிருந்து எந்தெந்தப் பாடம் ஏற்கப்படும் என்று எழுத்தில் வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. படித்த பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட நகலும் வேண்டும்.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைத்த ஆறாவது டீன்கள் குழுவின் பாடத்திட்டத்தில் இன்னொரு வாசலும் உண்டு. முதலாண்டு முடிவில் சான்றிதழோடும், இரண்டாமாண்டு முடிவில் பட்டயத்தோடும், குறித்த பயிற்சியை முடித்துக்கொண்டு விலகலாம். பின்னர் திரும்பியும் வரலாம். அப்பாவின் வேலை நின்றது, அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று படிப்பை நிறுத்திய பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் படித்த காலம் முழுதும் வீணாகாமல் இருக்க இது வழி.

பட்டத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். அரசுப் பணியில் தோட்டக்கலை அலுவலர் பதவிக்குத் தோட்டக்கலைப் பட்டமும், உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிக்குத் தோட்டக்கலைப் பட்டயமும் கேட்கிறார்கள். நம் வேலூரில் வி.ஐ.டி. நடத்துவது பி.எஸ்ஸி. வேளாண்மை, நல்ல படிப்புதான், ஆனால் அது வேறு பட்டம். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு படி இருக்கிறது. பதினோராம் வகுப்பில் உயிரியலும் வேதியியலும் உள்ள பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் படிவம் பத்தாம் வகுப்பு மாணவியர் கைக்கு இந்தக் கோடையிலேயே வந்துவிடும்.