கம்பத்துப் பின்னறையில் ஒரு பாரசீக இளவரசன்

செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வாருங்கள். தலையைக் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள், நிலை தாழ்வு. கம்பத்தில் இந்தக் கடையின் முன்பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிசிடிவி கேமரா, பிரிண்டர் மை, ஆதார் ஜெராக்ஸ், தோட்டத்து மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு நிறுத்தும் பெட்டி என்று எந்நேரமும் ஆள் நிற்கும். ஆனால் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் யாரையும் விடுவதில்லை. இன்றைக்கு நமக்கு விட்டிருக்கிறார்கள்!

எங்கே காலை வைப்பது என்று பார்த்து வையுங்கள். மூடி கழற்றிய சிபியூக்கள் சுவரோரம் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. மேல்தட்டில் வயிற்றில் உருண்டை வைத்த பழைய மவுஸ்கள், வால் சுற்றி வரிசையாக. ஒரு பையன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுகிறான், முறுக்குத் தூள் பொலபொலவென்று கொட்டுகிறது. நடு மேசையில் விரித்திருப்பது போடியிலிருந்து வந்த ஏலக்காய்ச் சாக்கு. ஏல வாசமும் ஈயம் உருகும் புகையும் கலந்து மூக்கைத் துளைக்கின்றன. சாக்கின் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது முதுகு பெருத்த பழைய மானிட்டர். அதைப் பார்க்கத்தான் வந்தோம்.

கடைக்கார அண்ணன் நெற்றி வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, “நெசமாவே நீங்க பிரின்ஸ் ஆடுனதே இல்லையாக்கா?” என்கிறார். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்ற முழுப்பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை, வெறும் பிரின்ஸ்தான். கம்பம் இருக்கும் தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1996இல். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் வாத்தியார் வெளியே போனதும் பையன்கள் ஒரு ஃபிளாப்பியைச் செருகி ஆடியதை அண்ணன் கண்கள் மின்னச் சொல்கிறார். 1989இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் அது. எனக்கு இன்றைக்குத்தான் முதல் முறை. கை பரபரக்கிறது!

பொத்தானை அமுக்குகிறார். மானிட்டர் ‘டொய்ங்’ என்று உதறிக்கொண்டு விழிக்கிறது. சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர் இளவரசியிடம் ஒரு மணல் கடிகாரத்தைக் காட்டி, ஒரு மணி நேரத்துக்குள் என்னைக் கட்டிக்கொள், இல்லையென்றால் சாவு என்கிறான். அவள் காதலன் கிடப்பதோ பாதாளச் சிறையில். நம்மிடம் இருப்பது அறுபதே நிமிடம், நிஜக் கடிகாரத்து அறுபது நிமிடம்!

ஓடினேன். காலடியில் ஒரு கல் ஆடியது, பெயர்ந்து விழுந்தது, கூடவே நம் இளவரசனும். பையன் துள்ளிக் குதித்தான். “ஷிஃப்ட்ட அமுக்குங்கக்கா, பொடி நடையா போவான். தொங்குறதுக்கும் அதான்!” அமுக்கினால் விரல் நுனியில் விளிம்பைப் பற்றித் தொங்குகிறான். மேலே ஏறும்போது உடம்பின் கனம் தெரிகிறது. ஓடிவந்து நிற்கச் சொன்னால் சட்டென்று நிற்பதில்லை, ஓரடி சறுக்கித்தான் நிற்கிறான். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பளபளப்பான ஆட்டங்கள் வந்துவிட்டன. இந்தச் சின்ன வெள்ளை உருவத்துக்கு மட்டும் எப்படி இப்படியொரு உயிர்?

இங்கேதான் இன்னொரு திரையை விலக்க வேண்டும். பையன் தன் செல்போனை மானிட்டரை ஒட்டிப் பிடிக்கிறான். 1985இல் எடுத்த வீடியோ அது, நியூயார்க் மாநிலத்தில் ஒரு கார் நிறுத்துமிடம். தொளதொள வெள்ளை உடையில் ஒரு பள்ளிப் பையன் ஓடுகிறான், தாவுகிறான், தொங்கி ஏறுகிறான். அவன் பெயர் டேவிட். படம் பிடித்தது அவன் அண்ணன் ஜோர்டான் மெக்னர், இந்த ஆட்டத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாக எழுதியவர். செல்போனில் டேவிட் தாவுகிறான், மானிட்டரில் நம் இளவரசன் தாவுகிறான். அதே முழங்கால், அதே சறுக்கல்! அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் ‘ஏய்!’ என்று கத்தினோம். முன்பக்கம் ஜெராக்ஸுக்கு நின்ற பெரியவர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

அந்த ஓட்டத்தை ஆட்டத்துக்குள் மெக்னர் கொண்டுவந்த பாட்டைக் கேளுங்கள். வீடியோவை டிவியில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, டிவித் திரையையே ஸ்டில் கேமராவில் படமெடுத்தார். பிரிண்ட் போட்டு வாங்கி, வரிசையாக ஒட்டி, உருவத்தைக் கறுப்பு மையால் நிரப்பி, சுற்றியிருந்ததை வெள்ளை மையால் அழித்து, ஜெராக்ஸ் எடுத்து, பிறகுதான் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். “அப்ப அவரும் ஜெராக்ஸ்காரர்தான்!” என்று அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்தரி, பசை, கறை படிந்த விரல் என்று அந்தக் காட்சி எனக்கு இந்த மேசையிலேயே தெரிந்தது. வேலை தொடங்கி ஆட்டம் வெளிவர நான்கு ஆண்டு பிடித்தது.

வாள் கிடைத்துவிட்டது, முதல் காவலாளி எதிரே நிற்கிறான். இந்தச் சண்டை அசைவுகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1938இல் வந்த ராபின் ஹூட் படத்தின் கடைசி வாள் சண்டையிலிருந்து. அதில் எரால் ஃபிளினும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் தெரியும் சில நொடிகள்தான் மெக்னருக்குக் கிடைத்தன, அவ்வளவே போதுமாக இருந்தது. தொடக்கத்தில் சண்டையே வேண்டாம் என்றுதான் இருந்தாராம். டோமி பியர்ஸ் என்ற தோழி விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தார். பையன் ஸ்குரூடிரைவரை நீட்டிக்கொண்டு காவலாளிக்கு முன் நின்று ஆட, அண்ணன் அதட்ட, நான் தடுத்து, குத்தி, ஜெயித்தேன்!

நான்காம் கட்டத்தில் வழியை மறித்து ஒரு கண்ணாடி. ஓடிவந்து அதற்குள்ளேயே பாய வேண்டும். பாய்ந்தால் மறுபக்கமாக ஒரு நிழல் மனிதன் குதித்து ஓடிவிடுகிறான், நம் உயிர்ப்புள்ளிகளில் ஒன்றுதான் மிச்சம். முதுகு சிலிர்த்துவிட்டது. புதிதாக ஓர் எதிரியை வரைந்து சேர்க்க ஆப்பிள் 2இன் நினைவகத்தில் இடமே இல்லாததால் பிறந்தவன் இந்த நிழல். இளவரசனின் அதே படங்களைக் கணக்கு வித்தையால் புரட்டி மங்கலாக மினுங்க வைத்தார் மெக்னர். இடமில்லாத குறையிலிருந்து ஆட்டத்தின் மிகச் சிறந்த பாத்திரம் வந்துவிட்டது. மேலும் பத்து எதிரிகள் இருந்திருந்தாலும் இவன் ஒருவனுக்கு ஈடாக மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, வேர்த்துக் கொட்டியது, யுபிஎஸ் ‘கீ கீ’ என்று அலறியது. மானிட்டர் வெளிச்சத்தில் நான்கு முகங்கள். இந்த ஆட்டத்தில் மூன்றாம் கட்டத்துக்கு வந்த பிறகுதான் சேமிக்கவே முடியும். நல்லவேளை, நாம் அதைத் தாண்டிவிட்டோம். அண்ணன் குறுக்கே கை நீட்டிக் கன்ட்ரோலையும் ஜி-யையும் அமுக்கினார். எங்கள் எல்லோரிடமிருந்தும் ஒரே பெருமூச்சு. பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது, இருட்டிலேயே குடித்தோம்.

கரண்ட் வந்ததும் அண்ணன் எட்டாம் கட்டத்தைத் திறந்தார், அவரே எப்போதோ சேமித்து வைத்தது. கதவு அடைத்துவிட்டது, இளவரசன் மாட்டிக்கொண்டான். காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தோம். குடுகுடுவென்று ஒரு வெள்ளை எலி ஓடிவந்து விசைக்கல்லை மிதித்துவிட்டுப் போனது, கதவு திறந்தது! அனுப்பியது இளவரசி. “எலி வந்துருச்சு! எலி வந்துருச்சு!” என்று கத்திய பையனை, திராட்சைப் பெட்டி இறக்க வந்த ஆள், எந்த எலி என்று பதறி விசாரித்தார். எல்லோருக்கும் சிரிப்பு.

கிளம்புமுன் அண்ணன் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே ஃபிளாப்பிகள், சிலவற்றில் பூஞ்சை. அவருக்கு நான் சொன்ன செய்தி இது: மெக்னரும் தான் எழுதிய மூல நிரலைத் தொலைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தேடினார். 2012இல் அவருடைய அப்பா பிரான்சிஸ், வீட்டில் கிடந்த ஒரு பழைய பெட்டியைக் கண்டெடுத்துக் கொடுத்தார். ஆட்டத்துக்கு இசையமைத்தவரும் அதே அப்பாதான். வட்டுகளைப் பத்திரமாகப் படித்தெடுத்து, நிரலை யாரும் பார்க்கும்படி மெக்னர் வெளியிட்டார். தம்பி ஓட, அப்பா இசைக்க, வீட்டிலேயே உருவான ஆட்டம்! அண்ணன் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு ஃபிளாப்பியாகத் துடைக்க ஆரம்பித்தார். இரண்டைத் துடைக்க எனக்கும் கொடுத்தார்.

இதுவரை ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதே ஆடுங்கள், காலம் கடந்துவிடவில்லை. ‘மெகாஹிட்’ என்ற குறுக்குவழிச் சொல்லை யார் சொல்லிக் கொடுத்தாலும் முதல் ஆட்டத்தில் தட்டாதீர்கள். வாள் இல்லாமல் காவலாளியை நெருங்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு ஆடுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு பெட்டி கிடந்தால் தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஃபிளாப்பி படிக்கும் கருவி வைத்திருக்கும் கடை உங்கள் ஊரிலும் இன்னும் ஒன்றாவது இருக்கலாம், விசாரியுங்கள்.