தலையைத் தொடும் கைகள்: கிரேனியோசேக்ரல் சிகிச்சை ஓர் அறிமுகம்

நோய்களில் தலைவலிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. காயமும் இராது, வீக்கமும் இராது. அனுபவிப்பவருக்கு மட்டுமே அதன் கொடுமை தெரியும். என் உம்மாவுக்குப் பல வருடங்களாக ஒற்றைத் தலைவலி. அது வரும் நாட்களில் யன்னல் திரைகளை மூடிவிட்டு, வீட்டில் நாங்கள் ஓசையின்றி நடப்போம்.

அண்மையில் வெளிநாட்டில் வசிக்கும் சாச்சி தொலைபேசியில், தலையை மெல்லத் தொட்டுச் செய்யும் ஒரு சிகிச்சையால் தனக்கு நல்ல சுகம் கிடைத்ததாகக் கூறினார். உம்மா உடனே என்னைப் பார்த்து, "நீ பயோ படிக்கிற புள்ளதானே, இது என்னண்டு பாத்துச் சொல்லு மகள். அதைச் செஞ்சா இந்தக் குளிசையெல்லாம் நிப்பாட்டலாமா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை இங்கு தருகிறேன்.

கிரேனியம் என்பது மண்டையோடு. சேக்ரம் என்பது முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் ஐந்து முள்ளென்புகள் ஒன்றிணைந்து உருவான திருவென்பு. இவ்விரண்டுக்கும் இடையே மூளையையும் முண்ணாணையும் மூன்று சவ்வுகள் போர்த்தியுள்ளன. அச்சவ்வுகளுக்கிடையே மூளைய முண்ணாண் பாய்பொருள் நிறைந்து, மூளையை அதிர்ச்சியிலிருந்து காக்கிறது. வளர்ந்தவர் ஒருவரில் இது ஏறத்தாழ 150 மில்லிலீற்றர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரந்து, மீண்டும் குருதியுடன் கலக்கிறது. இதுவரை கூறியவை உயிரியல் பாடத்தில் நாம் கற்பவையே.

இனிச் சிகிச்சையின் வரலாற்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒஸ்டியோபதி எனும் கைவழி வைத்தியம் பயின்ற வில்லியம் கார்னர் சதர்லண்ட், மண்டையோட்டு என்புகளின் விளிம்புகள் மீனின் பூக்களைப் போலச் சரிந்திருப்பதைக் கண்டார். அவை அசைவதற்காகவே அவ்வாறு அமைந்திருக்க வேண்டும் என எண்ணினார். பின்னர் 1970களில் ஜோன் அப்லெஜர் என்பவர், கழுத்துச் சத்திரசிகிச்சையொன்றில் உதவியபோது முண்ணாணைச் சூழ்ந்த சவ்வு ஒரு சீரான தாளத்தில் அசைவதைக் கண்டதாகக் கூறினார். அவரே இச்சிகிச்சைக்கு இப்பெயரைச் சூட்டிப் பரப்பினார்.

சிகிச்சை பெறுபவர் உடையைக் களையாமலே மல்லாந்து படுத்திருப்பார். சிகிச்சையாளர் தலையின் பின்புறம், இடுப்பு, பாதம் ஆகிய இடங்களில் கைகளை மெதுவாக வைப்பார். அழுத்தம் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி சீனியின் எடைதான். பாய்பொருளின் தாளத்தை விரலால் உணர்ந்து, அதிலுள்ள தடைகளை நீக்குவதே நோக்கம் என்கிறார்கள். தலைவலி, கழுத்துவலி, மன அழுத்தம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு இது பயன் தரும் என்றும் கூறுகிறார்கள்.

இக்கூற்றுகளை ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். பாய்பொருள் அசைவது உண்மையே. ஆனால் அவ்வசைவு இதயத் துடிப்போடும் சுவாசத்தோடும் தொடர்புடையது. ஓர் ஆய்வில் ஒரே நபரின் தலையை ஒருவரும் பாதத்தை மற்றொருவரும் ஒரே நேரத்தில் தொட்டுத் தாளத்தை எண்ணினர். இருவரின் எண்ணிக்கைகளும் பொருந்தவில்லை. உடலில் ஒரே தாளம் இருந்தால் இருவரும் அதையே அல்லவா உணர்ந்திருக்க வேண்டும்?

பயனைப் பொறுத்தவரை, 2016இல் வெளியான ஜேர்மனிய ஆய்வொன்றில், நாட்பட்ட கழுத்துவலியுள்ள 54 பேரில் இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு, போலிச் சிகிச்சை பெற்றவர்களை விட வலி குறைந்தது. ஆயினும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2024இல் வெளியான மீளாய்வு, குறிப்பிடத்தக்க பயன் இல்லையென்றே முடித்தது.

அப்படியானால் சாச்சி பெற்ற சுகம் பொய்யா? இல்லை. அமைதியான அறையில் ஒரு மணித்தியாலம் படுத்திருக்கும்போது சுவாசம் சீராகிறது, இறுகிய தசைகள் தளர்கின்றன. ஓய்வின்போது மேலோங்கும் பரபரிவு நரம்புத்தொகுதி இதயத் துடிப்பைத் தணிக்கிறது. அன்பான தொடுகையே பாதி ஆறுதல். அந்த ஆறுதல் உண்மை. ஆனால் ஆறுதல் வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு.

இந்த வேறுபாட்டை மறந்தால்தான் ஆபத்து. தலையில் அண்மையில் அடிபட்டவர்களும், மூளையில் குருதிக்கசிவு உள்ளவர்களும் இச்சிகிச்சையைத் தவிர்க்க வேண்டும். உச்சிக்குழி மூடாத பச்சிளம் குழந்தைகளின் தலையை எவரிடமும் இதற்காக ஒப்படைக்கக் கூடாது. திடீரென வரும் கடும் தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், பார்வை மங்கல், கைகால் பலவீனம் ஆகியவை தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். எது மருந்து, எது வெறும் ஆறுதல் என்று ஆராய்ந்து அறிவதும் அவ்வழியில் சேர்ந்ததே என நான் நினைக்கிறேன்.

உம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "குளிசையை நிப்பாட்ட வேணாம் உம்மா. அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறேன், டொக்டரிட்ட ரெண்டு பேருமாக் கேப்போம்." அன்றிரவு உம்மா குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்தார். நான் பக்கத்தில் இருந்து அவரது நெற்றியை மெதுவாகத் தடவிவிட்டேன். அதற்குக் கட்டணமும் இல்லை, பக்கவிளைவும் இல்லை.